பூச்சரிவுக்குப் போகும் வழி

சஞ்சௌலி, சிம்லா
12 மார்ச் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஜியாலால் எழுதுவது. அம்மா போன செய்தி சொன்ன தந்தி எனக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. வந்த அன்றே கிளம்பினேன். ராம்பூருக்கு மேலே பாதை பனியில் மூடிக் கிடந்தது. இரண்டு நாள் பேருந்து நிலையத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ நம்புவாயோ மாட்டாயோ, நடந்தது இதுதான்.

அதன் பிறகு எழுத வேண்டும் எழுத வேண்டும் என்றே இருந்தேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இல்லை என்றால் சிரிப்பாய். நேரம் இருக்கிறது, தெம்புதான் இல்லை. காலையில் பால் வாங்கிக்கொண்டு மேடு ஏறி வந்தால் அன்றைய வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. பையன் சண்டிகரிலிருந்து மாதம் ஒரு முறை வருகிறான். தொலைக்காட்சி பார்த்துவிட்டுப் போகிறான்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. இங்கே கீழ்க் கடைவீதியில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் நம் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறார். வெளியூர்க்காரர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வரலாம் என்று ஆனதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். "நீங்க அந்த ஊர்க்காரர்தானே, நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். "பனி மூடிய சிகரங்கள், சலசலத்து ஓடும் நதி" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அது எந்த ஊருக்கும் பொருந்தும். நாற்பது வருஷம் கோப்பு பார்த்த கண்ணுக்குள் பாஸ்பா ஆறு எந்த மாதம் என்ன நிறம் என்பதுகூட நிற்கவில்லை.

உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எந்த மாதம் எது பூக்கும், எங்கே நின்றால் எது தெரியும் என்று எழுதி அனுப்பு. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை.

உன் தம்பி
ஜியாலால்

*

கோட்சாங்
4 ஏப்ரல்

ஜியாலாலுக்கு,

அக்கா இந்தர்பக்தி எழுதுவது. நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணல் இல்லை.

ராம்பூர் வரை வந்தேன் என்கிறாய். ராம்பூர் வரை நீ வந்தது இது நான்காவது தடவை. அப்பா செத்தபோது வந்தாய். என் வீட்டுக்காரர் செத்தபோது வந்தாய். என் மகள் கல்யாணத்துக்கு வந்தாய், அப்போது பனிகூட இல்லை, வயிற்றுப்போக்கு என்று எழுதினாய். ராம்பூரில் உனக்கு அப்படி என்னதான் வைத்திருக்கிறார்களோ.

அம்மா கடைசியில் உன்னைக் கேட்டாள் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். கேட்கவில்லை. பசுவுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்டாள். காட்டினேன் என்றேன். அவ்வளவுதான்.

செப்டம்பரில் உக்யாங் பூத்திருவிழா அன்றைக்கு அம்மாவுக்குப் பூ வாங்க வேண்டும். சாமி கையால் பூ வாங்காதவரை இது சாவு வீடுதான். தொப்பியில் பூ வைக்கக் கூடாது, ஆட்டத்தில் சேரக் கூடாது, யார் வீட்டு விருந்துக்கும் போகக் கூடாது. எனக்கு ஆட்டமும் விருந்தும் வேண்டியதில்லை. ஆனால் பூ கிடைக்காமல் அம்மா போக மாட்டாள். அடுப்படியில்தான் இருக்கிறாள். வயசான மனுஷி, எட்டு மாதம் நின்றுகொண்டே இருப்பது என்றால் சும்மாவா.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எழுதிக்கொள். ஏப்ரலில் ஆறு பால்காரன் தண்ணீர் கலந்த பாலாக இருக்கும். மே மாதம் பனி உருகி வந்தால் சாம்பல். ஜூனில் கோபம் வந்த மாதிரி கலங்கல். அக்டோபரில்தான் பச்சை, அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். ஆப்பிள் பூப்பது இந்த மாதக் கடைசி, பத்து நாள்தான், காற்று அடித்தால் ஆறு நாள். ஆகஸ்டில் ஓக்லா வயல் முழுக்க இளஞ்சிவப்பு. மேலேயிருந்து பார்த்தால் யாரோ கம்பளம் துவைத்துக் காயப் போட்ட மாதிரி இருக்கும். வருகிறவர்கள் அதைத்தான் நின்று நின்று படம் எடுக்கிறார்கள். அதன் ரொட்டியைக் கொடுத்தால் கசக்கிறது என்று வைத்துவிடுகிறார்கள்.

பூ என்றால் பூச்சரிவுதான். நீ பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். மரப்பாலம் தாண்டி வலப்பக்கம் ஏறு. பிளந்த பாறை வரும், ஆடு குனிந்து தண்ணீர் குடிப்பது போல இருக்கும். அங்கே இடப்பக்கம் பிரியும் தடம் பார்த்தால் தடம் மாதிரியே இருக்காது. பூர்ஜ மரங்கள் முடிகிற வரை அதில் போ. ஓடை இரண்டாகும் இடத்தில் சின்ன ஓடையோடு மேலே ஏறினால், ஜூலை மாதத்தில், மலை முழுக்கப் பிரம்ம கமலம். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. விளக்கைக் கையால் மறைத்தால் விரலுக்குள் தெரியுமே, அந்த நிறம். ஆடு மேய்த்த காலத்தில் நான் அங்கே உட்கார்ந்து ஒரு பூவைக்கூடத் தொடாமல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. ஆடு இருபத்துமூன்று.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன். உக்யாங்குக்காவது ராம்பூரைத் தாண்டு.

அக்கா

*

சஞ்சௌலி
27 மே

அன்புள்ள அக்கா,

புத்தகம் வந்துவிட்டது. ஐந்து பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். மொத்தமே இருபது பக்கம். அட்டையில் ஆறு, நீலமாக அடித்துவிட்டார்கள். நம் ஆறு அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை, சொன்னேன், கேட்கவில்லை.

உள்ளே எழுத்து உன்னுடையதுதான். நான் இந்தியில் கொஞ்சம் சீராக்கினேன், இங்கே ஒருவர் அதை ஆங்கிலத்தில் போட்டார். அச்சகக்காரர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேகி சாப், இத்தனை நாள் இதையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க" என்றார். நாற்பது வருஷ வேலையில் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உன் பெயரைப் போடச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என் பெயர்தான் இருக்கிறது.

முழங்கால் இடம் கொடுத்தால் உக்யாங்குக்கு வருகிறேன். அம்மாவுக்கு நான் செய்வது வேறு என்ன இருக்கிறது.

ஜியாலால்

*

கோட்சாங்
30 ஜூலை

ஜியாலால்,

உன் புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை. பொடி அச்சு என் கண்ணுக்கு ஆகாது, பிறகு யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்று அரிசிப் பெட்டி மேல் வைத்திருந்தேன். அதைப் படித்தவர்கள் நேரே என் வயலுக்கே வந்தார்கள்.

கல்கத்தாக்காரர்கள் பதினோரு பேர். ஜூலை மாதத்தில் தலை காது எல்லாம் மூடிக் குரங்குக் குல்லாய். அதில் பெரியவராக இருந்தவர் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"மாதாஜி, பிளந்த பாறை இந்தப் பக்கந்தானுங்களா?"

"இங்க எல்லாப் பாறையும் பிளந்துதான் கெடக்கு. எதைக் கேக்கறீங்க?"

"ஆடு குனிஞ்சு தண்ணி குடிக்கிற மாதிரி இருக்குமாம். புத்தகத்துல போட்டிருக்கு."

என் கையில் களைக்கொத்து இருந்தது. அதைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. அந்த வார்த்தை நான் உனக்கு எழுதிய வார்த்தை. வேறு யாரும் அந்தப் பாறையை அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க. கல்லும் முள்ளும்" என்றேன்.

"கவலைப்படாதீங்க மாதாஜி, வழி சுத்தமா எழுதியிருக்கு" என்றார்.

சாயங்காலம் இறங்கி வந்தார்கள். கை நிறையப் பூ, குல்லாயில் பூ, தண்ணீர் பாட்டிலில் பூ. ஒரு பெண் கூந்தலில் செருகியிருந்தாள். அவள் பார்க்க அழகாகத்தான் இருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். "உங்களுக்கும் ஒண்ணு மாதாஜி" என்று நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கெட்டவர்கள் இல்லை. பறிக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னது.

அதற்குப் பிறகு பதினைந்து நாளில் ஆறு கூட்டம். நேற்றுப் பையன்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சரிவு மொட்டையாகக் கிடக்கிறதாம். சாமி உத்தரவு இல்லாமல் ஒரு இதழ்கூடக் கிள்ளாத இடம். இந்த வருஷம் ஊரில் மூன்று வீட்டில் சாவு. மூன்று வீட்டுக்கும் பூ இல்லை.

இன்று காலை ஊர் கூடியது. சாமியின் காரியஸ்தர் இப்போது யார் தெரியுமா, சனம்ராம். உன் புத்தகத்தைத் தரையில் வைத்தார்கள்.

"யார் பேரு போட்டிருக்கு, படிங்க" என்றான் சனம்ராம்.

"ஜியாலால் நேகி, கோட்சாங்."

"ஊர்ப் பேரையும் சேத்துப் போட்டுக்கிட்டான் பாரு. என்னா பெருமை."

பல்லக்கைத் தூக்கிச் சாமியைக் கேட்டார்கள். பல்லக்கு ஆடி ஆடி எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. மற்ற இரண்டு வீட்டுக்கும் எப்படியாவது மேல்பாறையிலிருந்து பூ தேடித் தருவது, எங்கள் வீட்டுக்கு இல்லை என்று முடிவாயிற்று. வழியைத் திறந்தவன் வந்து சாமி முன்னால் நின்று நான்தான் என்று சொல்லுகிற வரைக்கும் அம்மாவுக்குப் பூ கிடையாது.

"உன் தம்பிக்கு வழி எப்படித் தெரிஞ்சுது?" என்று என்னைக் கேட்டார்கள்.

"சின்ன வயசுல பூ எடுக்கப் போனவன்தானே" என்றேன்.

சனம்ராம் என்னையே பார்த்தான்.

உக்யாங் செப்டம்பர் மூன்றாம் தேதி. வந்து சொல்லிவிட்டுப் போ.

அக்கா

*

சஞ்சௌலி
8 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஊர் கேட்டது, சனம்ராம் கேட்டான், சாமி கேட்டது என்று எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. வழி சொன்னது நீ.

உன் ஏப்ரல் மாதக் கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது. வெளியே சொல்லாதே என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. தேடிப் பார்த்தேன்.

சின்ன வயதில் பூ எடுக்கப் போனவன் என்று சொன்னாயாமே. எந்த வாயால் சொன்னாய். எனக்குப் பதினாறு வயது. பூர்ஜ மரத்தைக்கூட எட்டவில்லை, தலை சுற்றி வாந்தி எடுத்துத் திரும்பினேன். கூட வந்த நான்கு பேரில் இன்றைக்கு உயிரோடு இருப்பது சனம்ராம் ஒருவன். எனக்கு "பாதிவழி" என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அந்த வருஷம் முழுக்க நான் எங்கே போனாலும் "பாதிவழி வர்றான், பாதிவழி வர்றான்" என்றார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் நான் ஊரை விட்டேன், படிப்புக்காக இல்லை. இப்போது அதே ஆள் முன்னால் போய் நின்று, நான் அங்கே போனேன், பார்த்தேன், எழுதினேன் என்று பொய் சொல்ல வேண்டும்.

எனக்கு அறுபது வயது. ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அச்சகக்காரர் புத்தகத்தை நிறுத்திவிட்டார், மிச்சப் பிரதிகளைக் கேட்டு வாங்கி என் கட்டிலுக்கடியில் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் என்னால் முடியாது. அம்மாவுக்குப் பூ வேண்டுமென்றால் நீ போய் உண்மையைச் சொல்.

ஜியாலால்

*

கோட்சாங்
17 ஆகஸ்ட்

ஜியாலாலுக்கு,

ஆமாம். நான்தான் சொன்னேன். ஊரில் சொல்லவில்லை.

வெளியே சொல்லாதே என்று எழுதவில்லை என்கிறாய். கோட்சாங்கில் பிறந்தவனுக்கு அதை எழுத வேண்டுமா. தண்ணீரைக் குடிக்கும்போது நெருப்பைக் குடிக்காதே என்று யாராவது எழுதுவார்களா. நீ இந்த ஊர்க்காரன் என்று நினைத்து எழுதிவிட்டேன். அதுதான் என் தப்பு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ வந்து ஒரு நாள் நின்று, நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு, மறுநாள் பஸ் ஏறிவிடலாம். சிம்லாவில் உன்னை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நான் இங்கேதான் தண்ணீர் எடுக்க வேண்டும். வயலுக்கு ஏர்மாடு இவர்களைத்தான் கேட்க வேண்டும். பனி விழுந்தால் கூரையைத் தள்ளிவிட இவர்கள் பிள்ளைகள்தான் வர வேண்டும். செத்தால் தூக்குவதும் இவர்கள்தான். சாவு விழுந்த மற்ற இரண்டு வீட்டில் ஒன்று சூரஜ்மணி வீடு. அவள் புருஷன் இருபத்தாறு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து போனான். தினமும் காலையில் என் வீட்டில்தான் உப்புத் தேநீர் குடிக்கிறாள். "உன் தம்பி கையில புழு வைக்க" என்று திட்டிக்கொண்டே குடிக்கிறாள். நானும் சேர்ந்து உன்னைத் திட்டுகிறேன். இதையும் ஒளிக்கவில்லை.

பாதிவழி என்று உனக்குப் பெயர் வைத்தது சனம்ராம் இல்லை, அவன் அண்ணன் கெவல்ராம். சனம்ராம் அதைப் பாட்டாகப் பாடினான், அவ்வளவுதான். கெவல்ராமை நான் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் வைத்து விறகுக் கட்டையால் அடித்தேன். காது கிழிந்தது. அவன் சாகிறவரைக்கும் அந்தக் காது மடங்கியே இருந்தது. நீ அப்போதே ராம்பூர் பள்ளிக்கூட விடுதிக்குப் போய்விட்டாய். உனக்குத் தெரியாது.

எனக்கு அலுத்துவிட்டது ஜியாலால். நான் சண்டை போடுகிற வயசில் இல்லை. அம்மாவைத் தொண்ணூற்றொரு வயசு வரைக்கும் தூக்கி உட்கார வைத்தது நான். அவளை அனுப்பி வைக்கவாவது நீ வா. பொய்யாக இருந்தாலும் வந்து சொல்.

அக்கா

*

வாங்டூ, டீக்கடை
31 ஆகஸ்ட்

அக்கா,

ராம்பூரைத் தாண்டிவிட்டேன். அதை முதலில் எழுதுகிறேன்.

வாங்டூவுக்கு மேலே மலை சரிந்து பாதையையே காணோம். நாற்பது வண்டி வரிசையாக நிற்கிறது. நேற்று நடந்தே கடக்கலாம் என்று இறங்கினேன். கற்குவியலில் பாதி தூரத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. சாலை வேலை செய்யும் நேப்பாளி ஒருவன் முதுகில் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கடை பெஞ்சில் உட்கார வைத்தான். "பாபுஜி, இந்த வயசுல எங்க அவசரமா போறீங்க" என்றான். அம்மாவைப் பார்க்க என்றேன்.

பாதை திறக்க ஒரு வாரம் ஆகுமாம். மூன்றாம் தேதிக்குள் வர முடியாது. அதனால் இதோடு தனித் தாளில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அது ஊருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடந்து கடக்கிற பட்டாளத்துக்காரர் ஒருவர் விடுப்பில் உங்கள் பக்கத்து ஊருக்குப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூட வாத்தியாரைவிட்டுச் சாமி முன்னால் படிக்கச் சொல். உன் பெயர் எங்கேயும் வராத மாதிரி எழுதியிருக்கிறேன். கோப்பு எழுதிப் பழகிய கை, ஓட்டை இருக்காது.

நான் திரும்பிப் போகவில்லை. இந்தப் பெஞ்சில்தான் இருப்பேன்.

ஜியாலால்

*

கோட்சாங்
5 செப்டம்பர்

ஜியாலாலுக்கு,

உன் தாளை நானே வாத்தியார் கையில் கொடுத்தேன். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பல்லக்கைத் தோளில் வைத்து நான்கு பேர் நின்றார்கள். மேல்பாறையிலிருந்து பையன்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறித்து வந்த பூ ஒரு கூடைக்கும் குறைவு. அதைச் சாமி முன்னால் வைத்திருந்தார்கள். சூரஜ்மணி என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். "நான் சிறுவயதில் கண்ட பூச்சரிவை நினைவில் வைத்து, யாரையும் கேளாமல், நானே எழுதினேன்" என்று வந்ததும் சனம்ராம் தொண்டையைச் செருமினான்.

"யாரு, பாதிவழியா? வாந்தி எடுத்துக்கிட்டு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எறங்கினவன் எப்பப் போயி சரிவைப் பார்த்தான்?"

கிழவர்கள் சிரித்தார்கள். பையன்களுக்குப் புரியவில்லை, அவர்களும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். படித்து முடிக்கட்டும், சிரித்து முடிக்கட்டும், அம்மாவுக்குப் பூ கிடைக்கட்டும் என்று நின்றேன்.

அப்புறம் வாத்தியார் அடுத்த வரியைப் படித்தார். "என் அக்கா இந்தர்பக்திக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் வயதானவள். அந்தச் சரிவுக்கு வழி எது என்பதே அவளுக்கு ஞாபகம் இருக்காது."

உன் மனசில் என்ன நினைத்து எழுதினாயோ. எனக்கு ஞாபகம் இருக்காதாம். இருபத்துமூன்று ஆட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன் இன்றைக்கும். என்னை அறியாமலே வாய் திறந்துவிட்டது.

"யாருக்கு ஞாபகம் இல்ல? ஆடு குனிஞ்ச பாறையில இடப்பக்கம், பூர்ஜ மரம் முடியற வரைக்கும், அப்புறம் சின்ன ஓடை. நாந்தான் சொன்னேன். நாந்தான் எழுதி அனுப்பினேன். அவனுக்கு என்ன தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. சூரஜ்மணி என் கையை விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு வலித்தது, மற்றதெல்லாம் இல்லை.

சனம்ராம் மட்டும் அசையவில்லை. "ஒரு மாசமா காத்துக்கிட்டிருந்தேன் அக்கா, எப்ப சொல்லுவியோன்னு" என்றான். இருந்து இருந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் என்னை அக்கா என்கிறான். கெவல்ராம் காதுக்கு அப்புறம் அவன் என்னிடம் பேசியதே இல்லை.

பல்லக்கைக் கேட்டார்கள். சாமிக்குத் தெரிந்ததோ, தூக்கியவர்களுக்குத் தோள் வலித்ததோ, மூன்று தடவை முன்னால் குனிந்தது. பூ உண்டு என்று அர்த்தம். வீட்டுக்கு மூன்று பூ. அம்மாவுக்கும் மூன்று. நான் வாங்கிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த நெய் போட்ட ரொட்டியோடு மேட்டுக் கல்லில் கொண்டுபோய் வைத்தேன். சிவப்புக் கால் காக்கைகள் வந்து சாப்பிட்டன. நான் அழவில்லை. உட்கார்ந்தவள் எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. கீழே வந்ததும் என் தொப்பியைக் கழற்றிப் பூ வைத்தார்கள், யார் வைத்தது என்று பார்க்கவில்லை. அம்மா போய்விட்டாள். இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான்.

தண்டனை இதுதான். சொன்னவளும் எழுதினவனும், இரண்டு பேருமாகப் பிளந்த பாறையில் உட்கார வேண்டும். இந்த வருஷம் பனி விழுகிற வரைக்கும், மிச்சம் இருக்கும் செடியில் விதை விழ வேண்டும் அல்லவா. அடுத்த வருஷத்திலிருந்து ஜூலை தொடங்கி உக்யாங் வரைக்கும். சரிவு பழையபடி ஆகிறவரை எத்தனை வருஷம் ஆனாலும். வருகிறவர்களை மேலே விடக் கூடாது, கெட்ட வார்த்தையும் பேசக் கூடாது. முதலாவது எனக்குச் சுலபம்.

இன்று முதல் நாள். பதினாறு பேர் வந்தார்கள். குஜராத்திலிருந்து ஒரு குடும்பம், டெல்லிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். பாதிப் பேர் கையில் உன் புத்தகம். "ஓக்லா வயலுக்குப் போங்க, ஆத்துக்குப் போங்க, அங்கதான் அழகு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கேமராவைக் கழுத்தில் மாட்டிய ஒரு பையன் மட்டும் நகரவில்லை.

"மேல என்னதான் இருக்கு, அம்மா?"

"எங்க வீட்டு ஆளுங்க இருக்காங்க" என்றேன்.

அவன் மேலே பார்த்தான். வீடு ஒன்றும் தெரியவில்லை. என்ன புரிந்துகொண்டானோ, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக் கீழே இறங்கினான்.

சூரஜ்மணி இன்று காலை தேநீருக்கு வரவில்லை. வருவாளோ வரமாட்டாளோ. நான் தேநீர் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அந்தப் பெஞ்சிலேயே இருப்பேன் என்று நீ சொன்னதாகப் பட்டாளத்துக்காரர் சொன்னார். அவர் நாளை திரும்புகிறார், அவரிடமே இதைக் கொடுக்கிறேன். பாதை திறந்ததும் முதல் வண்டியில் ஏறு. குதிரைக்காரன் பாறை வரைக்கும் கொண்டுவந்து விடுவான், நான் பேசிவிட்டேன். கம்பளிச் சட்டை இரண்டு கொண்டு வா, பாறையில் காற்று விடாமல் அடிக்கிறது. ஒருத்தியாக உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போக முடியவில்லை. எழுந்தால் அதற்குள் யாராவது ஏறிவிடுகிறார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அக்கா
இந்தர்பக்தி